உறையை விட்டு வராத கத்தி

மைன்ஸ் ஒர்க்‌ஷாப் டூல் ரூமில் இருபத்தெட்டு வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன் நான். கன்வேயர் பெல்ட்டுக்கு ஜாயின்ட் போடுகிறவர்கள் ரப்பரை அடுக்கடுக்காக உரிக்க ஒரு கத்தி வைத்திருப்பார்கள். கழித்துப் போட்ட, இரும்பு அறுக்கும் பவர்-சா பிளேடைச் சாணை பிடித்து நான் செய்யும் கத்திக்கு அவர்களிடம் தனி மதிப்பு. அந்த மதிப்புதான் என்னைக் கெடுத்தது.

ஜாயின்ட் கேங்கில் தனசேகர் கைதேர்ந்தவன். கான்ட்ராக்ட் ஆள். ஊர் கடலூருக்குப் பக்கத்தில் கடற்கரை. வார லீவில் அண்ணனோடு ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போவான். ஒரு நாள் டூல் ரூமுக்கு வந்து நின்றான்.

"அண்ணே, போட்டுல வெச்சிக்கறதுக்கு ஒரு கத்தி வேணும். துரு புடிக்கக் கூடாது. பண்ருட்டி கடையில ஸ்டெயின்லெஸ்ல ஒன்னு பாத்தேன், பிளாஸ்டிக் உறையோட. வாங்கலாங்களா?"

"அது பழம் நறுக்கத்தான் ஆகும். நான் செஞ்சு தர்றேன்."

"உப்புத் தண்ணி தாங்குமாண்ணே?"

"தொடச்சு எண்ணெய் போட்டு வை. ஒண்ணும் ஆகாது."

வலையும் மீனுமாக இருப்பவன் எப்போது துடைப்பான், எப்போது எண்ணெய் போடுவான்? நான் யோசிக்கவில்லை. ஒரு தடவைகூடப் படகில் ஏறியவன் இல்லை நான். கத்தியைச் செய்து, பழைய சேஃப்டி ஷூ தோலில் இறுக்கமாக உறையும் தைத்துக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். தனசேகர் ஆஸ்பத்திரியில் இருப்பதாகக் கேங் ஆட்கள் சொன்னார்கள். கடலூருக்கு ஓடினேன். இடது கையில் பெரிய கட்டு.

"வலை வுடும்போது கயிறு கையில சுத்திக்கிச்சுண்ணே. போட்டு ஓடிக்கினு இருக்குது. கயித்த அறுக்கக் கத்திய இழுக்கறேன், வரல. அண்ணன் இஞ்சின நிறுத்தறதுக்குள்ள ரெண்டு விரல் போயிடுச்சு."

அவன் அண்ணன் அந்தக் கத்தியைக் காட்டினார். தோல் உப்புத் தண்ணீரைக் குடித்து, உள்ளே பிளேடு முழுக்கத் துருவேறி, உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"என் தப்புப்பா" என்றேன்.

"வுடுங்கண்ணே. நாந்தான் எண்ணெய் போடாம வுட்டுட்டேன்."

அவன் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஜாயின்ட் வேலைக்கு அவன் திரும்பவே இல்லை. மைன்ஸ் கேட்டில் வண்டி நம்பர் எழுதும் வேலைதான் கிடைத்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எழுந்து நின்று வணக்கம் வைப்பான். நான் வேறு வழியாகப் போக ஆரம்பித்தேன். அதுவும் தப்புதான்.

டூல் ரூமுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கடலுக்கு ஸ்டெயின்லெஸ்தான். கூர் சீக்கிரம் போகும், போனால் தீட்டிக்கொள்ளலாம். உறை பிளாஸ்டிக்காக இருக்கட்டும், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும். நனைந்த ஒற்றைக் கையால் இழுத்தால் கத்தி வெளியே வர வேண்டும். இத்தனையும் அவன் அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்குப் பத்து நிமிஷத்தில் சொன்னது. கத்தி செய்வதற்கு முன்னால் நான் போய்க் கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருப்பார்.