மேஸ்திரி வாயில் வராத சொல்

என் தாய்மாமாவுக்குப் பழைய வீடுகளை அப்புறப்படுத்தும் வேலை. அவருடைய ஆட்கள் கூரையைப் பிரிப்பார்கள், ஜன்னலைக் கழற்றுவார்கள், நிலையைப் பெயர்ப்பார்கள். சுவரை மட்டும் ‘இறக்குவார்கள்’. ஊரெல்லாம் இடிப்பது என்று சொல்லும் இடத்தில் அந்தச் சொல் மாமாவின் வாயிலிருந்து வந்து ஆறு வருடம் ஆகிறது. முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டதாக வீட்டில் யாராவது சொன்னால்கூட எழுந்து போய்விடுவார். அத்தை அதனாலேயே ‘பட்டுடுச்சு’ என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

நான் தேசம் தேசமாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது நடந்தது அது. திரும்பி வந்தபின் அத்தைதான் சொன்னாள். ஆட்கள் நல்ல சட்டையைக் கழற்றி வாசல் கம்பியில் மாட்டிவிட்டு, கிழிந்த சட்டையோடு உள்ளே போவார்கள். கயிறு கட்டிச் சுவரை இழுக்கும் முன் எல்லோரும் வெளியே வந்து அவரவர் சட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பியில் சட்டை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம்.

அன்று கம்பி காலி. “இடி” என்று மாமா குரல் கொடுத்தார். அவருடைய கூட்டாளி சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்ட பிறகு, மனைவி கேட்டிருந்த முகம் பார்க்கும் கண்ணாடிக்காகப் பின்னறைக்குத் திரும்பப் போயிருந்தார். அது யாருக்கும் தெரியாது.

அந்த மனைவி இப்போது இதே ஆட்களோடு செங்கல் சுத்தம் செய்கிறார். மாமா கம்பியை நம்புவதை விட்டுவிட்டார். அறை அறையாகப் போய், “யாரு உள்ள?” என்று கேட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்.

போன வாரம் நானும் கூடப் போனேன். கடைசிச் சுவர் பாக்கி. பின்னறைக்குப் போன மாமா அரை மணி நேரமாகியும் வரவில்லை. கல்யாணத்துக்கா ஆள் அழைக்கிறார் என்று வீட்டுக்காரர் நக்கலடித்தார். மதியத்துக்குள் சுவர் விழாவிட்டால் இயந்திரத்தை வரவழைப்பதாகவும், அப்புறம் இந்த மேஸ்திரியை ஒருவரும் கூப்பிடாதபடி செய்வதாகவும் சொன்னார்.

உள்ளே போனேன். எதையோ மாட்டியிருந்து எடுத்ததால் சுவரில் ஒரு சதுரம் வெளிறிக் கிடந்தது. மாமா அதன் முன்னால் நின்றிருந்தார்.

“உள்ளேதாம்மா இருக்கான். ‘இரு, வர்றேன்’னு சொன்னான்.”

எனக்குக் காரை உதிரும் ஓசைதான் கேட்டது. அப்படித்தான் நினைக்கிறேன்.

கையெல்லாம் செங்கல் தூளாகக் கூட்டாளியின் மனைவி, அந்த அக்கா, வந்தார். ஆறு வருடத்தில் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை அவர் மாமாவிடம் பேசியதில்லை. சதுரத்தைப் பார்த்து, சாப்பிடக் கூப்பிடும் குரலில் சொன்னார்: “கண்ணாடியெல்லாம் வேணாங்க. வெளிய வாங்க.”

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மாமாவிடம் திரும்பி, “வந்துட்டாருண்ணே. நீங்களும் வாங்க” என்றார்.

மாமா எங்களுக்குப் பின்னால் வந்தார். வாசலில் ஒதுங்கி, ஒரு ஆள் போகும் அளவுக்கு வழி விட்டு நின்றார். கயிற்றைப் பிடித்திருந்தவர்களிடம் அதன் பிறகுதான் வாய் திறந்தார்.

“இறக்குங்கப்பா. மெதுவா.”