சாணி எஞ்சின்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகும் மண்ணெண்ணெய் கூப்பனுக்குத்தான் கிடைத்தது. வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிணற்றடியில், அப்பா யுத்தத்துக்கு முன் ஆசையாக வாங்கிய மண்ணெண்ணெய் எஞ்சின் சாக்குப் போர்த்திக் கிடந்தது. அந்த வருஷம் மழையும் தப்பிவிட்டது. கிணற்றின் அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தும், கவலை ஏற்றத்தில் சால் இழுத்து இறைக்க மாடுகளுக்குத் தெம்பில்லை. தண்ணீர் ஏறினால் தீவனத்துக்குச் சோளம் போடலாம். இல்லாவிட்டால் உழவு ஜோடியையும் இரண்டு பசுக்களையும் விற்றுவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார்.

நான் அப்போது திருச்சியில் இன்டர்மீடியட் முடித்துவிட்டு, வேலையும் கிடைக்காமல், சும்மாவும் இருக்க முடியாமல் வீட்டில் சுற்றிக்கொண்டிருந்தேன். சாணத்தைக் கரைத்துத் தொட்டியால் மூடிவைத்தால் எரிகிற வாயு வரும், அதில் எஞ்சினே ஓட்டலாம் என்று காலேஜில் ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். கரித்துண்டால் சுவரில் வட்டம் போட்டு அப்பாவுக்கு விளக்கினேன். சாணம், வாயு, எஞ்சின், தண்ணீர், சோளத்தட்டை, மாடு, மறுபடி சாணம். கூடவே ஒரு பழைய லாரி டைனமோவைக் கோத்துவிட்டால் மின்சார விளக்கும் எரியும். டவுனுக்கே சரியாக வராத மின்சாரம்!

"சோளம் வர்ற வரைக்கும் மாடு என்னத்தடா திங்கும்?"

"கூரையப் பிரிச்சுப் போடலாங்கப்பா."

"அப்ப நாம எங்க படுக்குறது, ஒந்தொட்டிக்குள்ளயா?"

சிரித்தாரே தவிர, மறுநாள் அவரே மாட்டுக் கொட்டகையின் கூரையில் ஏறிப் பழைய வைக்கோலைப் பிடுங்கிப் போட்டார். மாடுகள் அந்தக் கறுத்துப்போன வைக்கோலைத் தின்றன.

ஆளுயரக் குழி வெட்டி, செங்கல் வைத்துப் பூசினேன். பெரம்பலூர்ப் பட்டறையில் செய்த தகரத் தொட்டியை அதன்மேல் கவிழ்த்தேன். விழுகிற சாணமெல்லாம் குழிக்கே போயிற்று. வரட்டி இல்லாமல் அம்மா வேலிமுள்ளை வைத்து எரித்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டே, "ஒன் எஞ்சினு என்னிக்குடா சோறு ஆக்கும்?" என்பாள்.

வாயு சேரச் சேரத் தொட்டி மேலே எழும்பியது. அது நன்றாக எழும்பி நின்ற ஒரு நாள், வாயுக் குழாயை எஞ்சினில் மாட்டிச் சுற்றினேன். வேடிக்கை பார்க்க வந்த சித்தப்பா, "என்னப்பா இன்ஜினியரு, ஒன் மாடு ஏப்பம் விடுதா?" என்று கேட்டு வாயை மூடுவதற்குள் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பம்ப்பில் சேறும் தண்ணீரும் கலந்து கொட்டியது. டைனமோவிலிருந்து கம்பி இழுத்துக் கொட்டகைக் கம்பத்தில் கட்டியிருந்த பல்பு சிவப்பாக ஒரு கோடு காட்டியது. நான் குதித்தேன்.

தண்ணீர் வாய்க்காலின் பாதியைத் தாண்டவில்லை. எஞ்சின் இருமி நின்றுவிட்டது. தொட்டி அடியோடு அமுங்கிக் கிடந்தது. அத்தனை நாள் சேர்ந்ததை எஞ்சின் ஒரே மூச்சில் குடித்திருந்தது.

மறுபடி சேர்க்க ஆரம்பித்தேன். ஆனால் சாணம் குறைந்துகொண்டே வந்தது. விழுந்ததும் நாரும் உருண்டையுமாக விழுந்தது. கூரையும் தீர்ந்தது. ஒரு காலை உழவு மாடுகளில் ஒன்றால் எழுந்திருக்க முடியவில்லை. நானும் அப்பாவும் வயிற்றடியில் கழியைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினோம்.

"போதும்டா," என்றார் அப்பா.

வாங்க வந்தவர்கள் புதுக் கயிறு கொண்டுவந்திருந்தார்கள். மாட்டை விற்றாலும் வீட்டுக் கயிற்றைக் கொடுப்பதில்லை. அப்பா பழைய கயிறுகளை அவிழ்த்துக் கொட்டகைக் கம்பத்தில் வரிசையாக மாட்டிவிட்டு, கை கழுவாமலே வயல் பக்கம் போய்விட்டார்.

அதன் பிறகுதான் அது நடந்தது. மாடுகள் போயும் தொட்டி எழும்பிக்கொண்டேயிருந்தது. அம்மாதான் முதலில் பார்த்தாள்.

"இன்னமும் எந்திரிக்குதே, எப்படிடா?"

"உள்ள இருக்கறது புளிக்குதும்மா. அதுங்க போட்டுட்டுப் போனதுதான்."

அவள் தொட்டியின் தகரத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

இனி யாருக்குத் தண்ணீர் இறைப்பது? அன்று அந்தி மங்கியதும் பம்ப்பின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, டைனமோவை மட்டும் வைத்து எஞ்சினை ஓட்டினேன். பாரம் இல்லாததால் பல்பு இந்தத் தடவை வெள்ளையாக, கண் கூச எரிந்தது. நான் அத்தனை நாள் கனவு கண்ட வெளிச்சம்! கூரையில்லாத கொட்டகையில் காலித் தீவனத் தொட்டிகளும், மாடு கட்டும் முளைகளும், கயிறுகளும் பளிச்சென்று தெரிந்தன.

அம்மா வாசலுக்கு வந்தாள்.

"அணைச்சிடுடா," என்றாள். "பாக்க முடியல."

அணைத்தேன்.