மூன்றாவது நட்சத்திரம்

எண்பதுகளின் தொடக்கம். சனிக்கோளின் வளையத்தைக் காட்டுகிறேன் என்று சொல்லித்தான் அப்பா என்னைக் காவலூருக்கு அழைத்துப் போனார். மறுநாள் நான் விடுதிப் பள்ளிக்குத் திரும்ப வேண்டும். வளையத்தைப் பார்த்துவிட்டு வருவதாக அங்கே எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அப்பா மாதா கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பவர். கூட வந்த பாய் மாமா ஒடுகத்தூரில் புளி மண்டி வைத்திருந்தார். ஆபிரகாம் பலியிடக் கூட்டிப்போன மகன் ஈசாக்கா, இஸ்மாயிலா என்று இருவரும் வருடக்கணக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். காவலூர் வானாய்வுக் கூடத்தில் வேலை பார்த்த கொச்சி மாமா யூதர். அவரிடமும் கேட்டுவிடலாம் என்பதுதான் அவர்களுடைய உண்மையான திட்டம் என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் ஈசாக்கு என்றதும் அப்பா மீசையை முறுக்கினார். ஆனால் கொச்சி மாமா அதோடு நிற்கவில்லை. “அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட சொல்லிட்டுப் போனாரா?” என்று கேட்டு இன்னொரு சண்டையைக் கிளப்பிவிட்டார். மத்தியானம் முழுக்க யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. வேர்க்கடலையை மட்டும் ஒற்றுமையாகத் தின்று தீர்த்தார்கள். அவர் வீட்டு முற்றத்தில் உறை போட்டு மூடியிருந்த தொலைநோக்கியை நான் சுற்றிச் சுற்றி வந்தேன்.

பொழுது சாய்ந்தது. பாய் மாமா துண்டை விரித்துத் தொழப் போனார். தான் மட்டும் இளைத்தவரா என்பதுபோல அப்பா திரிகால செபத்தை ஆரம்பித்தார். இரண்டும் முடிந்ததும் கொச்சி மாமாவைப் பார்த்தேன்.

“இன்னிக்கு எங்க ஓய்வு நாள், மோளே. மூணு நட்சத்திரம் தெரிஞ்சாத்தான் அது முடியும். அப்புறம்தான் தொலைநோக்கியைத் தொடுவேன்.”

கடைசி பஸ் ஏழு மணிக்கு. வானத்தில் பாதி மேகம். நட்சத்திரம் பார்க்கவே சம்பளம் வாங்குகிற மனிதர், மூன்றே மூன்று நட்சத்திரத்துக்காக வெறுங்கண்ணால் அண்ணாந்து நிற்கிறார்!

இரண்டு தெரிந்தன. மூன்றாவது வருவேனா என்று அடம் பிடித்தது. பொறுக்க முடியாமல் மலைமேல் ஏதோ ஒரு விளக்கைக் காட்டி “அதோ!” என்று கத்தினேன்.

பாய் மாமா முறைத்தார். “இன்னாம்மா நீ? பிறை பாக்கறப்போ இப்டி பொய் சாட்சி சொன்னா ஊரே நோன்ப வுட்ரும்.”

அதன்பிறகு மூவரும் தோளோடு தோள் ஒட்டி நின்று தேடினார்கள். “தோ, அந்த மரத்துக்கு மேலங்க!” என்று கடைசியில் கூவியது அப்பாதான். கொச்சி மாமா தன் செபத்தைச் சொல்லி முடித்து உறையில் கை வைத்தார். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது.

ஓடிப்போய் ஏறினோம். “ஒரு நாளைக்குப் பரவால்லன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்லப்பா?” என்று வெடித்தேன்.

“அத நாம எப்டிம்மா சொல்றது?” என்றார் அப்பா.

“இருந்தாலும் இஸ்மாயில்தாங்க” என்றார் பாய் மாமா. மறுபடியும் தொடங்கிவிட்டார்கள்.

வளையத்தைப் பிற்பாடு கல்லூரியில் பார்த்தேன். மத்தியானம் முழுக்க எதற்குமே விட்டுக்கொடுக்காத அந்த மூவரில் ஒருவர்கூட, ‘ஒரு நாளைக்குப் பரவாயில்லை’ என்று இன்னொருவரிடம் சொல்லவில்லை. அந்த மரியாதையின் மேல்தான் ஒடுகத்தூர் வரைக்கும் கோபித்துக்கொண்டு வந்தேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.