சிவப்புப் பொட்டு யாருக்கு

முத்துச்செல்விக்கு எதையெல்லாம் கண்டு பயம் என்று கேட்டால் பதில் சொல்லி மாளாது. எதைக் கண்டு பயமில்லை என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடலாம். பேஸ்பால் பந்தைக் கண்டு பயமில்லை, மற்ற எல்லாவற்றுக்கும் பயம். கம்பெனி பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்று பயம், பஸ்ஸில் ஏறிய பிறகு ரூமைப் பூட்டினோமா என்று பயம். ஊரிலிருந்து போன் வந்தால் பயம், இரண்டு நாள் வராவிட்டால் அதைவிடப் பயம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கி ஒன்பது வருஷமாகிறது. வல்லம் வடகாலில் ஒரு மாடி ரூம், ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை. இப்போது முப்பது பெண்களுக்கு லைன் லீடர். லீடர் ஆனால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை. முப்பது பேருக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டியதாகிவிட்டது.

அவளுடைய பயங்களில் தலையாயது எச்.ஆர். சங்கரநாராயணன் சார். மனிதர் யாரையும் திட்டியதில்லை. நெற்றி நிறைய விபூதியும் வாய் நிறைய 'அம்மா'வுமாகத்தான் பேசுவார். ஆனால் யாரையாவது வேலையைவிட்டு அனுப்புவதென்றால் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்து, "சாப்டீங்களாம்மா?" என்று கேட்பார். மற்ற நாளில் கேட்கமாட்டார். முத்துச்செல்வியோடு வேலைக்குச் சேர்ந்த சின்னப்பொண்ணு என்பவள் அந்தக் கேள்விக்கு "இட்லி சார்" என்று சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். பத்து நிமிஷத்தில் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். அதிலிருந்து அந்த லைனில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பதே நின்றுபோனது.

கம்பெனியின் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு பேஸ்பால் என்றால் உயிர். சுற்றுவட்டாரத்துக் கம்பெனிகள் ஆறு சேர்ந்து பெண்களுக்கென்று ஒரு கோப்பைப் போட்டி வைத்தன. முத்துச்செல்வி கல்லூரியில் படித்தபோது பல்கலைக்கழக அணிக்கு ஆடியவள் என்று யாரோ பழைய விண்ணப்பத்தைக் கிளறிக் கண்டுபிடிக்க, பயிற்சி கொடுக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. முடியாது என்று சொல்லப் பயம். சரி என்றாள்.

பன்னிரண்டு பெண்கள் கிடைத்தார்கள். எல்லோரும் வேலை பழக வந்த பதினெட்டு, பத்தொன்பது வயது டிரெயினிகள். காலை ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனிக்குப் பின்னாலிருந்த காலி மனையில் ஆட்டம். அதில் இரண்டு பேர் பிறவிக் கெட்டிக்காரிகள். தண்டலத்து ஷெர்லின், ஓடுபவர்கள் தொட்டுப் போகும் நான்கு பேஸ்களில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்பவள். எவ்வளவு வேகமாகத் தரையில் உருண்டு வரும் பந்தையும் தரையில் கிடந்த சாவியை எடுப்பதுபோல் எடுத்துவிடுவாள். இன்னொருத்தி பேச்சி, முத்துச்செல்வியின் ஊர்ப்பக்கம். ஷெர்லினுக்குப் பின்னால் வெட்டவெளியில் நின்று, உயரே அடிக்கும் பந்தைத் துரத்துபவள். ஓடினால் காலில் தூசு ஒட்டாது.

ஆனால் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கே உரிய வியாதி அவர்களுக்கும் இருந்தது. பாதி உடம்பால்தான் ஆடுவார்கள். பந்து வரும்போது பேச்சி ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஷெர்லினிடம் கத்திச் சொல்லிக்கொண்டிருப்பாள். பந்தை விட்டுவிட்டால் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். முத்துச்செல்வி கெஞ்சிப் பார்த்தாள், பிஸ்கட் வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். பிஸ்கட் தீர்ந்ததுதான் மிச்சம். தோற்றால் சார் என்ன சொல்வாரோ என்று பயந்தாள். அந்தப் பயத்தில்தான் ஒரு போர்டை கிரவுண்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

லைனில் ஒவ்வொருத்தியின் பெயருக்கு நேரே காந்தப் பொட்டு வைக்கும் போர்டு அது. வேலை சரியென்றால் பச்சை, தப்பு வந்தால் சிவப்பு. 'இன்னிக்கு யாருக்குப் பொட்டு?' என்பதுதான் காலை மீட்டிங்கில் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. பழசாகிக் கிடந்த அந்தப் போர்டை கிரவுண்டு வேப்பமரத்தில் மாட்டினாள். சட்டம் எளிது. பந்து கையில் பட்டு விழுந்தால் சிவப்பு. கையில் படாமல் விழுந்தால் யாருக்கும் சிவப்பில்லை, அடித்தவளின் கெட்டிக்காரத்தனம் என்று விட்டுவிட வேண்டியதுதான்.

மந்திரம் போட்டதுபோல் வேலை செய்தது. முதல் நாள் பதினொரு சிவப்பு, இரண்டாவது வாரம் இரண்டே இரண்டு. சங்கரநாராயணன் சார் ஒருநாள் வந்து பார்த்து, "நல்ல ஏற்பாடும்மா" என்றார். "பன்னெண்டு பேர்ல எட்டுப் பேரத்தான் அடுத்த வருஷத்துக்கு வச்சுக்கப் போறோம். இந்த சிவப்பையும் ஃபைல்ல சேத்துக்கலாம்."

முத்துச்செல்விக்குப் பெருமை பாதி, திகில் பாதி. அப்படியே பெண்களிடம் வந்து சொன்னாள்.

"ஏட்டி, இனிமே கிரவுண்டுல வாங்குத சிவப்பும் சார் ஃபைல்ல ஏறுமாம். பாத்து ஆடுங்க."

"இன்னாக்கா இது, அநியாயமா கீதே!" என்றாள் ஷெர்லின். "இந்த வேல போச்சுன்னா எங்கூட்ல அடுத்த மாசமே மாமனுக்குக் கட்டி வச்சுடுவாங்க. அந்தாளு என்னியவிட பதினாறு வயசு மூப்பு."

"அப்பமாவது ஒழுங்கா ஓடுவேல்லா," என்றாள் முத்துச்செல்வி. சொல்லும்போது அது அவளுக்குச் சரியாகத்தான் பட்டது. பயம்தானே அவளை ஒன்பது வருஷம் வேலையில் வைத்திருந்தது?

அதற்குப் பிறகு கிரவுண்டு மாறிப்போனது. சிரிப்பு நின்றது, சரி. சாம்பார்ப் பேச்சு நின்றது, அதுவும் சரி. ஆனால் வேறொன்றும் நின்றுபோயிருந்தது, என்ன என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மாலை வெயிலில் பன்னிரண்டு பெண்கள் வாயை இறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்க அவளுக்கே என்னவோ செய்தது. சற்றுத் தள்ளிப் பந்து விழும்போது ஷெர்லின் இரண்டடி ஓடி நின்றுவிட்டாள். எட்டியிருக்குமே என்று முத்துச்செல்விக்குத் தோன்றியது. போர்டில் அவளுக்குப் பச்சை. என்ன சொல்லித் திட்டுவது?

எப்படியோ ஜெயித்து வந்துவிட்ட இறுதி ஆட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அது நடந்தது. முத்துச்செல்வியே மட்டையை எடுத்து ஒரு பந்தை உயரே அடித்தாள். ஷெர்லினுக்கும் பேச்சிக்கும் நடுவில் இறங்கும் பந்து. அப்படிப்பட்ட பந்துக்கு, பிடிக்கப்போகிறவள் 'எனக்கு' என்று கத்த வேண்டும், கத்தினால் மற்றவள் ஒதுங்கிக்கொள்வாள். முதல் நாள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. ஷெர்லின் அண்ணாந்து பார்த்தபடி பின்னால் ஓடினாள், பேச்சி அண்ணாந்து பார்த்தபடி முன்னால் வந்தாள். இரண்டு பேர் வாயும் திறக்கவில்லை. கிரவுண்டில் என்ன நின்றுபோயிருந்தது என்று முத்துச்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வாரமாக ஒருத்தியும் 'எனக்கு' என்று கத்தவேயில்லை. அவள் கத்த வாயெடுப்பதற்குள் தலையும் தலையும் மோதிய சத்தம் வேப்பமரம்வரை கேட்டது.

ஷெர்லின் எழுந்து உட்கார்ந்தாள். பேச்சி எழவில்லை.

ஒரு நிமிஷம் இருக்குமா? முத்துச்செல்விக்கு அது ஒரு யுகம். பேச்சியின் புருவத்திலிருந்து வழிந்த ரத்தம் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டால் பதிலில்லை. பேச்சியை வேலைக்குக் கூட்டி வந்த அன்று ஊர் பஸ் ஸ்டாண்டில் அவள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்ன நம்பித்தாம்மா அனுப்புதேன்" என்று சொன்னது மட்டும் காதில் திரும்பத் திரும்ப ஒலித்தது. அந்த அம்மாளுக்குப் போன் போட்டு என்ன சொல்வது? சங்கரநாராயணன் சார் அப்போது நினைவுக்கே வரவில்லை. ஒன்பது வருஷத்தில் முதல் தடவை.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது பேச்சி கண்ணைத் திறந்தாள். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்லி, புருவத்தில் நான்கு தையல் போட்டார்கள். முத்துச்செல்வி கட்டில் பக்கத்தில் போய் நின்றாள்.

"யக்கா," என்றாள் பேச்சி. "பொட்டு எனக்கா, அவளுக்கா?"

முத்துச்செல்வி போர்வையை இழுத்து அவள் தோள்வரை மூடினாள்.

"அது எம் பந்துதாங்க்கா. எனக்கே தெரியும். சத்தங் குடுத்துட்டு விட்டா எம் பேர்ல ஏறும்லா, அதான் வாயத் தொறக்கல. ஷெர்லின் பேர்ல வச்சிராதீய. பாவம், அவளுக்கு மாமன் காத்துக்கிட்டு இருக்கான்."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து முத்துச்செல்வி அழுதாள். கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பயமுறுத்தினால் நன்றாக ஆடுவார்கள் என்று நினைத்தாளே, அவர்கள் மாட்டிக்கொள்ளாமல் ஆடக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். யாரிடமிருந்து? ஒன்பது வருஷமாக லைனில் மூச்சுக் காட்டாமல் மாட்டிக்கொள்ளாமல் வாழ்ந்துகொண்டிருப்பவளிடமிருந்துதான். தன் பயத்தைத்தான் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டிருக்கிறோம் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை.

மறுநாள் போர்டிலிருந்த பொட்டுகளையெல்லாம் வழித்துப் பைக்குள் போட்டாள். பதினொரு பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பயமுறுத்தாமல் எப்படிப் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த அளவுக்குச் சொன்னாள்.

"பந்து வந்தா 'எனக்கு'ன்னு கத்திக்கிட்டு ஓடுங்க. எட்டாதுன்னு தெரிஞ்சாலும் ஓடுங்க. கையில பட்டு விழுந்தா சிவப்பு எம் பேர்ல. எவ விட்டாலும் எனக்குத்தான்."

"சும்மா சொல்லாதக்கா," என்றாள் ஷெர்லின். "சார் கூப்ட்டு கேட்டாருன்னா?"

"நான் சொல்லுதேன்."

"உன் குரலே நடுங்குது பாருக்கா."

"நடுங்கட்டும். நடுங்கிக்கிட்டே சொல்லுதேன்."

அவர்கள் நம்பினார்களா இல்லையா என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தெரிந்தது. தண்டலத்துக் கல்லூரி மைதானம், சாமியானாவின் கீழே பெரிய அதிகாரிகள், அவர்கள் நடுவில் சங்கரநாராயணன் சார். பேச்சி தலையில் கட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். முதல் பந்து உயரே போனதும் ஒரு குரல் 'எனக்கு!' என்றது. அடுத்ததற்கு இன்னொரு குரல். பிறகு மைதானமே காய்கறிச் சந்தையாகிவிட்டது. ஷெர்லின் விழுந்து புரண்டு பிடித்த இரண்டு பந்துகளை, போர்டு இருந்த நாளில் அவள் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டாள். முழங்கை தோலுரிந்து ரத்தம் கசிந்தது. அதைத் துடைக்கவும் அவளுக்கு நேரமில்லை.

கடைசிச் சுற்று. இரண்டு பக்கமும் சமம். எதிரணிக்காரி ஒருத்தி மூன்றாவது பேஸில் ஓடத் தயாராக நின்றாள், அவள் ஓடி முடித்தால் அவர்களுக்கு வெற்றி. இன்னும் ஒருத்தியை அவுட்டாக்கினால் தப்பித்துவிடலாம். அடித்த பந்து ஷெர்லினின் தலைக்கு மேலே, வெகுதூரம் பின்னால் போனது. விட்டுவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள், எட்டாத பந்து. பேச்சி அங்கே நின்றிருந்தால் அவள் பிடித்திருப்பாள். புதிதாக நின்றவள் தயங்கினாள்.

"எனுக்கு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஷெர்லின் பின்னால் ஓடினாள். ஷெர்லின் பாய்ந்தாள். பந்து கையுறை நுனியில் பட்டு, ஒரு கணம் தங்கி, விழுந்தது.

ஒரு ரன்னில் தோற்றார்கள். ஷெர்லின் தரையிலிருந்து எழுந்ததும் முதலில் பார்த்தது பந்தையல்ல, முத்துச்செல்வியை. முத்துச்செல்வி கைதட்டினாள். சாமியானாவைத் திரும்பிப் பார்க்காமல் தட்டிக்கொண்டேயிருந்தாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு சார் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் பன்னிரண்டு பெயர்கள் கொண்ட தாள். ஏழு பெயருக்கு நேரே டிக் அடித்திருந்தார். எட்டாவது டிக்குக்காக, ஷெர்லினின் பெயருக்கு நேரே பேனா நின்றுகொண்டிருந்தது.

"ஜெயிக்க வேண்டிய மேட்ச்," என்றார் வருத்தமாக. "பெரியவருக்கு ரொம்ப ஏமாத்தம். கடைசிப் பந்துக்கு சிவப்பு யாருக்கும்மா? ஷெர்லின்தானே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். ஒன்பது வருஷமாக அந்தத் தலை அப்படித்தான் ஆடியிருக்கிறது. முத்துச்செல்வி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு, சார்."

"நீங்க ஆடவே இல்லையேம்மா?"

"எட்டாத பந்துக்கும் ஓடுன்னு சொன்னது நாந்தான் சார். அதுக்கு முந்தி, ஓடாம நிக்கப் பழக்குனதும் நாந்தான். சிவப்ப எம் பேர்லயே வச்சிருங்க. அவ பேர்ல வைக்காதீய."

சார் கோபப்படவில்லை. அவருக்கு ஒரு சிவப்புக்கு ஒரு பெயர் வேண்டும், அது யாருடையதாக இருந்தால் என்ன? தாளில் ஷெர்லினின் பெயருக்கு நேரே டிக் அடித்தார். பேனாவை மூடினார். எதிரிலிருந்த நாற்காலியைக் காட்டி, "உக்காருங்கம்மா" என்றார். அவள் உட்கார்ந்தாள்.

"சாப்டீங்களாம்மா?"

"சாப்டேன் சார்," என்றாள் முத்துச்செல்வி. காலையிலிருந்து அவள் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் பட்டிருக்கவில்லை.