கரண்டி கண்ணுக்குத் தெரியும்வரை

'குளத்தை மூடு' என்று ஒரு மனுஷியிடம் எத்தனை விதமாகச் சொல்லலாம்? என் தையல் மிஷின் பக்கத்தில் கிடக்கும் அளவு நோட்டைப் புரட்டினால் பதினோரு விதம் கிடைக்கும். ஜாக்கெட் அளவு எழுதுகிற பக்கத்திலேயே, ஓரத்தில், யார் வாயிலிருந்து நல்ல பேச்சு விழுந்தாலும் குறித்து வைப்பது என் பழக்கம். தையலை நான் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. பழைய ஜாக்கெட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

பால்காரர் சொன்னது: "ஏத்தா, கொசுவுக்கு வீடு கட்டி விட்டிருக்கியே, வாடகை ஒழுங்கா குடுக்குதா?" ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த ஒரு டீச்சர் சொன்னது: "அந்தப் பின்பக்க ஜன்னலை மட்டும் சாத்திட்டுத் தைங்கக்கா, துணியில வாடை ஏறிரும்." பக்கத்து வீட்டில் இருக்கிறவள் என் ஓரகத்தி, என் கணவரின் அண்ணன் மனைவி. அவள் சொன்னதுதான் நோட்டிலேயே உசத்தி: "உப்பு மட்டும் போட்டாப் போதும்டி, ஊருக்கே கீரைக்குழம்பு ஊத்தலாம்."

எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். மூடவில்லை.

மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், வைக்கோல் படப்பு இருந்த இடம் அது. மாடுகளை விற்றபின் சும்மா கிடந்தது. வாழைத்தார் ஏற்றும் வண்டியை நிறுத்த அங்கே ஒரு தகரக் கொட்டகை போட வேண்டும் என்று என் கணவர் நினைத்திருந்தார். நான் முந்திக்கொண்டேன். பக்கத்துத் தோட்டத்துக்கு வந்திருந்த ஜேசிபியை ஒரு மணி நேரம் இந்தப் பக்கம் திருப்பி, பத்தடிக்கு எட்டடி, இடுப்பளவு ஆழம் தோண்ட வைத்தேன். பண்ணைக்குட்டைக்குப் போடுகிற கறுப்பு ஷீட்டை விரித்துத் தண்ணீர் விட்டேன். தேனியிலிருந்து ஏழு தங்கமீன் வந்தது.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்றால் அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும். ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல், வயலிலிருந்து அடுத்த வயல். ஒன்றுமே செய்யாமல் படுத்துக் கிடக்கிற தண்ணீரைப் பார்த்தால் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவருக்கும் பொறுக்காது.

"அந்த மீனை வறுக்கவாச்சும் முடியுமா?" என்றார் அவர்.

"முடியாது."

"பின்ன எதுக்கு?"

"பார்க்க."

நாள் முழுக்க ஊசி முனையையே பார்க்கிற கண்ணுக்கு நிமிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெரிய வேண்டும். எனக்கு வேண்டும், அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி சொல்வதற்கு அந்தக் காரணம் போதாதா?

மழைக்காலம் நன்றாகப் போனது. மாசி முடிந்து வெயில் ஏறியதும் தண்ணீர் பச்சையானது. முதலில் இளம் பச்சை, பிறகு வீட்டுக் கதவுக்கு அடிக்கிற பெயிண்ட் மாதிரி. பங்குனியில் வாடையும் சேர்ந்துகொண்டது. அப்போதுதான் கொசுப்புழு பார்க்க வீடு வீடாக வருகிற பெண் வந்தாள். நீளக் காம்பு வைத்த எவர்சில்வர் கரண்டியால் தண்ணீரை மொண்டு பார்த்தாள்.

"புழு ஒண்ணும் இல்லக்கா, மீனு தின்னுருக்கு. ஆனா இந்தக் கோலத்துல கிடந்தா நான் நல்லாருக்குன்னு எப்படி எழுத?" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவள் கையிலிருந்து கரண்டி நழுவிக் குளத்துக்குள் விழுந்தது. விழுந்த இடத்தை அவள், நான், என் கணவர் மூவருமே பார்த்தோம். ஆனால் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. நான் இறங்கித் தேடினேன். ஷீட் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். மேலே ஏறியபோது ஓரகத்தி சுவருக்கு மேலே தலையை நீட்டி, "பச்சைப்பட்டு எடுத்திருக்கா போல" என்றாள்.

அன்று சாயங்காலமே அவர் முடிவாகச் சொன்னார். "ஆடி பிறக்கட்டும். ரெண்டு டிராக்டர் மண்ணு. தோட்டத்துல மண்ணு கிடக்கு, கொண்டாந்து தட்டிருவேன்."

"தண்ணி தெளிஞ்சிட்டா?"

"எப்படித் தெளியும்?"

"அந்தப் பிள்ளையோட கரண்டி அடியில கிடக்குல்ல. ஆடி ஒண்ணு அன்னைக்கு மேலருந்து பார்த்தா அது கண்ணுக்குத் தெரியணும். தெரியலைன்னா நீங்க மண்ணைத் தட்டுங்க, நானே மம்பட்டி எடுத்துப் பரப்பி விடுறேன். தெரிஞ்சா, இனி ஒருத்தரும் என் குளத்தைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது."

அவர் சிரித்தார். சிரித்தது எனக்கு நல்லதாகப் போயிற்று. வீம்பு ஏறினால் எனக்குக் கை வேகமாக ஓடும்.

போனில் வீடியோ தேடினேன். எந்த ஊர்க்காரரோ, அவர் பேசியது எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது, ஆனால் அவர் கை செய்தது புரிந்தது. குளத்தை ஒட்டி, அதைவிட ஒன்றரை அடி உயரமாக ஒரு தொட்டி. அதன் அடியில் கீறல் போட்ட பைப். பைப்புக்கு மேலே நிறைய ஜல்லி. ஜல்லியில் செடி. குளத்துத் தண்ணீரை ஒரு சின்ன மோட்டார் அந்தப் பைப்புக்குத் தள்ளும். தண்ணீர் ஜல்லி வழியாகக் கீழிருந்து மேலே ஏறி, செடி வேர்களைத் தாண்டி, விளிம்பில் வழிந்து குளத்துக்கே திரும்பும். அழுக்கு கல்லிலும் வேரிலும் நின்றுவிடும்.

சித்திரையில் ஆரம்பித்தேன். ஹாலோ பிளாக்கை நானே அடுக்கினேன். மிஞ்சிக் கிடந்த கறுப்பு ஷீட் உள்ளே போனது. சின்னமனூரிலிருந்து ஜல்லி வந்தது. அதில் பாதி தூசி, அலசி அலசி என் விரல் நுனி தேய்ந்தது. பைப்பில் ஹேக்சா பிளேடால் கீறல் போடும்போது அவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். தோட்டம் முழுக்கச் சொட்டுநீர்க் குழாய் பதித்த மனுஷன், கோணல் கீறலைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் சும்மா நிற்பார்?

"அதை நேரா போடு. ஒரே அளவா இருந்தாத்தான் கடைசி வரைக்கும் ஒரே மாதிரி பாயும்."

"உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"சம்பந்தம் இல்லதான். நேரா போடு."

ஓரகத்தி வீட்டுக் குளியலறைத் தண்ணீர் போகும் ஓரத்தில் கல்வாழை மண்டிக் கிடந்தது. அதில் பத்துக் கிழங்கு. வாய்க்கால் ஓரத்துச் சேம்பு. கொஞ்சம் வசம்பு. எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு வெறும் ஜல்லியின் முன்னால் உட்கார்ந்தேன். அங்கேதான் என் கை என்னைக் கவிழ்த்தது.

நான் வாழை போடுகிற வீட்டில் பிறந்து வாழை போடுகிற வீட்டுக்கு வந்தவள். அடியுரம் இல்லாமல் ஒரு கன்றுகூட இதுவரை என் கையால் மண்ணுக்குள் போனதில்லை. இங்கே மண்ணே கிடையாது, வெறும் கல். இதில் எப்படி ஒரு உயிரைக் கொண்டுபோய்ச் செருகுவது? இரண்டு கூடை மக்கிய எரு, ஐந்தாறு கை வேப்பம்புண்ணாக்கு, ஜல்லிக்கு நடுவே நன்றாகப் பரப்பி நட்டேன். வீடியோக்காரர் போடவில்லை என்பது தெரியும். பாவம், அவருக்கு விவசாயம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

மோட்டாரைப் போட்ட மூன்றாம் நாள் நுரை வந்தது. ஒரு வாரத்தில் குளம் முன்னைவிடப் பச்சையானது. கையை விட்டால் மணிக்கட்டு தெரியவில்லை. இரண்டு மீன் மிதந்தன. கல்வாழை மட்டும் விளம்பரத்துக்கு நிற்கிற மாதிரி தளதளவென்று நின்றது.

நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் புரிந்தது. செடிக்குக் காலடியிலேயே விருந்து வைத்துவிட்டேன், அது ஏன் குளத்து அழுக்கைத் தேடிப் போகும்? நான் வைத்த விருந்தில் மிச்சம் கரைந்து குளத்தில் இறங்கியது, அதைத் தின்று பாசி கொழுத்தது. நானே ஊட்டி வளர்த்த பச்சை அது.

அவரிடம் சொன்னேன். "அடியுரம் போடாம எந்தச் செடி வரும்?" என்றார். வாழையைப் பற்றி அவர் சொன்னது சரி. இது வாழை இல்லை.

"அதான் பார்த்தாச்சுல்ல, விட்டுரு" என்றார். நான் மம்பட்டியை எடுத்தேன்.

வைகாசி வெயிலில் அத்தனை ஜல்லியையும் கூடை கூடையாக வெளியே அள்ளினேன். தைக்க வேண்டிய துணி குவிந்தது. வந்தவர்களிடம் அடுத்த வாரம் என்றேன். இரண்டாம் நாள் ஓரகத்தி வந்து ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏண்டி, உனக்குக் கிறுக்கு ஏதும் பிடிச்சிருக்கா? கல்லைக் குளிப்பாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்க."

"ஆமாக்கா."

"என் கொழுந்தன் பாவம். வாய் பேசாத மனுசன், உன்கிட்ட வந்து மாட்டிக்கிட்டாக."

"ஆமாக்கா."

"இதுல அழுக்கு இன்னும் இருக்கு பாரு. இப்படியா கழுவுவ? இங்கன குடு."

மூன்று நாள் அவள் என்னைத் திட்டிக்கொண்டே ஜல்லி அலசினாள். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். 'கல்லைக் குளிப்பாட்டுறவ' என்பதை நோட்டில் ஏற்றியாயிற்று. அந்தப் பெயர் எனக்கு ஊரில் இன்றைக்கும் நிற்கிறது.

இந்த முறை வேரில் ஒட்டிய மண்ணைக்கூட விடவில்லை. வெள்ளையாகத் தெரிகிற வரை கழுவி, வெறும் கல்லில் நட்டேன். என் கை அத்தனை தயங்கியது. கையிடம் 'சும்மா இரு' என்று வாய்விட்டே சொன்னேன்.

இலைகள் மஞ்சளாயின. அதைப் பார்த்தவர்கள் யாரும் சும்மா போகவில்லை. பால்காரர் சாணி கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். டீச்சர் முட்டை ஓடு கொண்டுவந்தார். கடைசியில் சுவரில் சாக்பீஸால் எழுதிப் போட்டேன்: 'செடிக்கு யாரும் எதுவும் போடாதீர்கள்.'

ஆனி பாதியில் ஒரு காலை, காப்பி டம்ளரோடு பின்பக்கம் போனேன். அவர் தொட்டியருகே முதுகு காட்டி நின்றார். வலது கை மூடியிருந்தது.

"கையைத் திறங்க."

திறக்கவில்லை.

"கையைத் திறங்கன்னு சொன்னேன்."

திறந்தார். வெள்ளை வெள்ளையாக யூரியா.

"என்னைத் தோக்கடிக்கணும்னா ஆடி வரைக்கும் பொறுக்க மாட்டீகளா?"

"தோக்கடிக்கவா? இந்தா, அந்தச் சேம்பைப் பாரு. பட்டினியில சாகப் போகுது. கண்ணு முன்னால ஒரு செடி வாடுறதைப் பார்த்துக்கிட்டே சும்மா நிக்கச் சொல்றியா?"

அவர் குரலில் சூது ஒன்றும் இல்லை. அவரால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். எனக்கும்தான் தாங்கவில்லை. ஆனாலும் சொன்னேன். "ஆமா. சும்மா நில்லுங்க. அது பசியில இருந்தாத்தான் வேரை நீட்டிக் குளத்துல இருக்கிறதைத் தின்னும். நீங்க ஒரு பிடி போட்டா எல்லாம் முதல்லருந்து. வாழைக்கு ஊட்டுங்க, எனக்கு ஊட்டுங்க, இதுக்கு மட்டும் ஊட்டாதீக."

கையை மறுபடி மூடிக்கொண்டு அவர் தோட்டத்துப் பக்கம் நடந்தார். அந்தப் பிடி யூரியா எந்த வாழைக்குப் போனதோ தெரியாது.

நான்கைந்து நாளில் மஞ்சள் இலைகளுக்கு நடுவே ஒரு புதுக் குருத்து வந்தது. பச்சையாகவே வந்தது. வேர் எதையோ கண்டுபிடித்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஒரு விரற்கடை தெளிந்தது. முதலில் ஷீட்டின் மடிப்பு தெரிந்தது. பிறகு மீன்களின் வயிறு. ஆனி கடைசியில் குளத்தின் ஒரு ஓரத்தில் அடியே தெரிந்தது. நடு ஆழத்தில் மட்டும் ஒரு மூட்டம் மிச்சம் இருந்தது. கரண்டி விழுந்தது அங்கேதான்.

ஆடி ஒன்று. காலையில் ஆடிப் பிறப்புக்குப் பாயசம் காய்ச்சி வைத்துவிட்டு வெளியே வந்தால் காற்று. இந்தப் பக்கத்து ஆடிக்காற்றை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கம்பம் பக்கமிருந்து வாழையைச் சாய்த்துக்கொண்டு வருவது. தண்ணீர் முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக ஓடியது. தெளிந்திருந்தாலும் என்ன, கண் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

அவர் கரையில் குனிந்து பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே."

"காத்து அடிக்குது."

"காத்து அடிக்காட்டி தெரியும்னு நான் ஒத்துக்கணுமா? ஆடி ஒண்ணுன்னு நாள் குறிச்சது யாரு?"

நாள் குறித்தது நான்தான். ஆடியில் காற்று அடிக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், அந்தச் சாயங்காலம் வீம்பில் எனக்கு மட்டும் மறந்துபோயிற்று. நான் உள்ளே போனேன். நார்க்கட்டிலை இழுத்துக்கொண்டு வந்தேன். நெல் காயப்போடுகிற தார்ப்பாயும் வந்தது. சுவருக்கு மேலே பார்த்துக் கத்தினேன். "யக்கா!"

ஓரகத்தி ஈரக்கையோடு வந்தாள். கேள்வி கேட்கவில்லை, அதுவே அதிசயம். கட்டிலைக் காற்று வரும் பக்கம் கரையில் நிமிர்த்தி, தார்ப்பாயை அதன்மேல் போட்டு, ஆளுக்கு ஒரு கால் பிடித்துத் தோளைக் கொடுத்து நின்றோம். காற்று எங்கள் இருவரையும் சேர்த்துத் தள்ளியது. "தூக்கிட்டுப் போயிரும்டி" என்றாள். "போனாச் சேர்ந்தே போவோம்" என்றேன். மோட்டாரையும் ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னேன். அவர் போய் நிறுத்தினார். வழிகிற தண்ணீர் நின்றது. சுருக்கம் ஒவ்வொன்றாக அடங்கியது.

எனக்குக் குளத்துக்கு முதுகு. தலையைத் திருப்பினால், பக்கத்துக் கரையில் இருந்த அவர் முகம் மட்டும்தான் தெரிந்தது.

முட்டி போட்டுக் குனிந்தார். நெற்றிக்கு மேல் கை வைத்தார்.

"என்ன, டிராக்டருக்குப் போன் போடணுமா?" என்றேன்.

"காம்பு தெரியுது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கரண்டிக் குழியும் தெரியுது. உள்ள மீனு ஒண்ணு நிக்குது."

கட்டிலை விட்டோம், அது சடாரென்று விழுந்தது. ஓரகத்தி ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏடி, ஆமா!" என்று மூன்று வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். அதற்குள் காற்று தண்ணீரை மறுபடி கலைத்துவிட்டது. நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

அவர் மோட்டாரைத் திரும்பப் போட்டுவிட்டு வந்தார். தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். விளிம்பில் வழிகிற தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்தார். மனுஷன் மூளை ஓட ஆரம்பித்துவிட்டது.

"தண்ணி நல்லாத்தான் வருது. இந்த மூலையில ரெண்டு கீரை விதை போட்டா..."

"போட மாட்டேன்."

"புதினா?"

"மாட்டேன்."

"அப்ப இதுனால என்னதான் பிரயோசனம்?"

"ஒண்ணும் கிடையாது" என்றேன்.

கொசுப்புழு பார்க்கிற பெண் புதுக் கரண்டியோடு வந்தாள். பழையதைக் குனிந்து பார்த்தாள், எடுத்துத் தரட்டுமா என்றேன் நான். "கிடக்கட்டுங்கக்கா, அடையாளத்துக்கு" என்றாள். அது அங்கேயேதான் கிடக்கிறது. மிஷினிலிருந்து நிமிர்ந்தால், காற்று இல்லாத நேரம், ஜன்னல் வழியாகத் தண்ணீர் தெரிகிறது. ஜன்னலை நான் சாத்துவதில்லை.