வூஃபர் கிழியாமலிருக்க

என் கணவர் வூஃபர் கிழிப்பதில் கெட்டிக்காரர். காரின் பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் மரப்பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய ஒலிபெருக்கியை வாங்கிப் போட்ட சூட்டோடு கிழித்துவிடுவார். கூம்பின் ஓரத்து ரப்பர் பிய்ந்து, உள்ளே கம்பிச்சுருள் கருகி, அந்த வாடை முன் சீட்டு வரை வரும். சுங்கைப் பட்டாணியில் எங்கள் ஆட்கள் ஓட்டும் கார்களில் பாதி பூகம்பம்தான். இவர் மட்டும் என்ன விதிவிலக்கா என்று விட்டுவிட்டேன். "இந்த வயசுல இந்த ஆட்டம் தேவையாங்க?" என்று கேட்டால், "ம்ம்" என்பார். எதைக் கேட்டாலும் அதே "ம்ம்"தான். கல்யாணமாகி இத்தனை வருஷமான பிறகு எந்தப் புருஷனுக்குத்தான் பெண்டாட்டி பேச்சு காதில் விழுகிறது?

அவருக்கு பேக்டரி பஸ் ஓட்டும் வேலை. ஆனால் ஊருக்கு அவரைத் தெரிந்தது உறுமி மேளத்தால். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறும வைக்கும் அந்த மேளத்தில் அவர்தான் குழுவுக்குத் தலை. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் அவர் வாசிப்புக்காகக் காத்திருப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் ஊர்வலத்தில் கைப்பேசியில் பதிவு செய்ததை அடுத்த வருஷப் பயிற்சிக்கு முன்பு காரில் முழுச் சத்தத்தில் ஓடவிடுவார். யார் எங்கே தாளம் தவறினான் என்று பிடித்து வைத்துக்கொண்டு, பயிற்சியில் கிழி கிழியென்று கிழிப்பார்.

நான் எலெக்ட்ரானிக் பேக்டரியில் போர்டு சோதிக்கும் டெக்னீஷியன். வூஃபர் ஏன் கிழிகிறது என்று தெரியாமல் புதிது வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரின் பின் பூட்டைத் திறந்து, கூம்பில் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, ஒற்றைச் சுரங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்தேன். ஐம்பது ஹெர்ட்ஸில் கூம்பு ஒழுங்காக அதிர்ந்தது. இருபதுக்கு இறக்கினால் சத்தம் கேட்கவே இல்லை, கூம்போ நாக்கைத் துருத்துவது போல வெளியே வந்தது. அந்தப் பெட்டியில் காற்றுப் போகத் துளை உண்டு. ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று கூம்பைப் பிடித்து நிறுத்தாது. அது பாட்டுக்கு எகிறி எகிறிக் கிழியும். அவருடைய பதிவுகளில் காற்று மோதிய இரைச்சல், கூட்டம் தார்ச்சாலையை மிதித்த அதிர்வு என்று எல்லாமே அந்த அடியில்தான் கிடந்தன.

அதற்கு மருந்து, அந்த அடி அதிர்வை மட்டும் வெட்டிவிடும் ஃபில்டர்தான். ஒரே ஒரு கெப்பாசிட்டர் போட்டுப் பார்த்தேன், அடிச்சத்தம் ஒழுகியது. பிறகு டவுனில் சாமான் வாங்கி, ஐசி வைத்து நான்கு அடுக்காகக் கட்டினேன். நாற்பதுக்கு மேலே போகலாம், கீழே வாசல் அடைப்பு. மறுபடி அதே பதிவைப் போட்டேன். காகிதத் துண்டு அடங்கி நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று மீன் குழம்பு வைத்தபோதும் அந்தக் காகிதத்தையே நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவரைச் சுங்கை லாலாங் பக்கம் ஓட்டச் சொன்னேன். செம்பனைத் தோட்டம் தொடங்கும் இடத்தில் பாட்டைப் போட்டார். சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். கதவு ஒலிபெருக்கிகள் வீறிட்டன. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"பாட்டு வரலயே. ஃபில்டரப் போட்டு கெடுத்திட்டியா?" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. நடுக்கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார்.

"இது ஆடலயே லா. சீட்டும் ஆடல. எங்க தட்டுறானுங்கன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பாட்டை நிறுத்தினேன். அவர் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே இருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, "ஏங்க" என்று கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். அவருக்கு எதுவுமே விழவில்லை.

வண்டியை ஓரம் கட்ட வைத்தேன். என் வாயைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டதாம். போன தைப்பூசத்துக்கே உறுமிச் சத்தம் அவருக்கு எட்டவில்லையாம். "வயித்துல விழுகும்ல, அத வெச்சு வாசிச்சேன். காவடி தூக்குறவன் காலப் பாத்து வாசிச்சேன். பயலுங்ககிட்ட சொல்லிடாத" என்றார். வூஃபர் கிழிந்ததெல்லாம் அதிர்வு போதாமல் அவர் ஏற்றிக்கொண்டே போனதால்தான். நான் அழுதேன். அந்த ஃபில்டரை அவ்வளவு சுத்தமாகச் செய்து தொலைத்தேனே என்றுதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆஸ்பத்திரியில் காது நரம்பு போய்விட்டது என்றார்கள். காதில் மாட்டும் மிஷின் அவருக்கு வெறும் இரைச்சலைத்தான் கொடுத்தது. அலமாரியில் போட்டுவிட்டார்.

"அத கழட்டிடு" என்றார். கூம்பு கிழியும் என்று கையால் காட்டினேன். "கிழியட்டும் லா." எனக்கு மனம் வரவில்லை. ரெசிஸ்டரை மாற்றி மாற்றி ஃபில்டரை முப்பத்தைந்துக்கு இறக்கினேன், முப்பதுக்கு இறக்கினேன், இன்னும் கீழே போனேன். ஒவ்வொரு தடவையும் சீட்டில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி உட்காருவார். பிறகு இல்லை என்று தலையை ஆட்டுவார். வூஃபரைக் கொல்லும் அதிர்வும் அவருக்கு மிச்சமிருந்த பாட்டும் ஒரே இடத்தில் இருந்தன. ஒன்றை விட்டு ஒன்றைக் காப்பாற்ற எந்த ஃபில்டராலும் முடியாது. கடைசியில் கழற்றித்தான் போட்டேன். அந்த வருஷத் தைப்பூசத்துக்கு அவர் வாசிக்கவில்லை. முட்டி வலி என்று குழுவிடம் சொல்லிவிட்டு, என்னோடு கூட்டத்தில் நின்றார்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் மீன் வாங்கக் கோத்தா கோலா மூடாவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவர் கடைசியாக வாசித்த ஊர்வலத்தின் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. சீட்டு அதிர, அவர் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டன. பின்னால் பட்டென்று ஒரு சத்தம். கருகிய வாடை வந்தது. கதவு ஒலிபெருக்கிகளில் பதிவு நிற்காமல் ஓடியது. கூட்டம் கத்துகிறது, அவருடைய உறுமி ஏறிக்கொண்டே போகிறது, காவடி இன்னும் கோயில் வாசலுக்கே வரவில்லை.

அவர் விரல்கள் நின்றன. என் பக்கம் திரும்பினார்.

"முடிஞ்சிருச்சா?" என்றார்.

அவருக்குத் தெரியும்படி வாயை நன்றாகத் திறந்து, "முடிஞ்சிருச்சுங்க" என்று சொல்லிவிட்டு, பாட்டை நிறுத்தினேன்.