முப்பத்திரண்டு கிராம் ஆக்சிஜன்

ப்ளஸ் ஒன் காலாண்டில் என் சிநேகிதி வேதியியலில் கோட்டைவிட்டாள். அவள் அப்பா அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். "அரையாண்டுலயும் போச்சுன்னா எங்க கம்பெனிக்கே பனியன்ல பழுது பாக்குற செக்கிங் வேலைக்கு வந்துரு" என்று சொல்லிவிட்டார். அவளுக்கோ டீச்சராகும் ஆசை. மதியச் சாப்பாட்டு வேளையில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வகுப்புக்கே தெரியும்.

பன்னிரண்டு கிராம் கார்பனை முழுதாக எரிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும்? சமன்பாடு சரி, மோல் சரி, பெருக்கல்கூடச் சரி. வரவேண்டியது 32. அவள் எழுதியது 33.6. அடுத்த கணக்கிலும் இப்படியே கொஞ்சம் கூடுதல்.

"கண்ணை எங்க வெச்சுட்டுப் போடறே?" என்று கத்தினேன். அழித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் 33.6.

டிபன் பாக்ஸை மூடிவைத்தேன். "ஒவ்வொரு வரியா வாயால சொல்லிட்டே போடு புள்ள."

சொன்னாள். தப்பே இல்லை. 32 வந்த பிறகும் நிறுத்தாமல், "அதோட வேஸ்டேஜ் அஞ்சு பர்சென்ட்" என்றாள்.

"அது எதுக்கு?"

"ஏட்டி, போடாம எப்படி? துணி பத்தாமப் போயிரும்லா."

அவள் அப்பா வீட்டில் துணிக்கணக்குப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிக்கொடுப்பது இவள்தான். வெட்டினால் சேதாரம் போகும், அதற்கும் சேர்த்துத் துணி கேட்க வேண்டும். கார்பனுக்கும் அப்படியே கேட்டுவிட்டாள். விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"இது எனக்கு வராதுட்டி."

எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு வந்துருச்சு புள்ள. கேட்டதோட நிறுத்திக்க, அவ்வளவுதான்" என்றேன். அன்றிலிருந்து என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் இருவரும் பேனாவைத் தொடுவோம். என் அவசரத் தப்புகளும் அதில் குறைந்தன.

அரையாண்டு விடைத்தாள் கொடுத்த அன்று சாயங்காலம் அவள் அப்பா பள்ளி வாசலில் சைக்கிளோடு நின்றார். தேறியிருக்கமாட்டாள் என்று நினைத்து, கம்பெனி சூப்பர்வைசரிடம் காட்ட அவளைக் கூட்டிப்போக வந்திருந்தார். அவள் விடைத்தாளை நீட்டினாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கணக்குகளுக்கு எதிரே இருந்த சிவப்பு டிக்குகளை விரலால் தடவினார்.

"பாஸா?"

"ஆமாப்பா."

"அப்ப ஏறு. வீட்டுக்குப் போவோம். அம்மைட்ட சொல்லணும்லா."

அவள் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே போனாள். நான் நடுத்தெருவில் நின்று அழுதேன். அவள் வேலைக்குப் போய்விட்டால் எங்கள் பெஞ்சில் தனியாக எப்படி உட்காரப்போகிறேன் என்று எனக்கு அத்தனை பயம் இருந்திருக்கிறது.